மூன்றாம் செட்டின் ஸ்பானிஷ்

இராஜபாளையத்தில் ஸ்பானிஷ் படித்த முதல் ஆள் நான்தான் என்று இன்றைக்கும் யாரிடமும் கூசாமல் சொல்லுவேன். எனக்கு முன்னால் யாராவது படித்திருக்கலாம். இல்லையென்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அவர்கள் படித்த ஸ்பானிஷால் ஊருக்கு ஒரு வாலிபால் கோப்பை வந்ததா? வரவில்லை அல்லவா. அப்படியானால் நான்தான் முதல் ஆள். அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தார்கள்.

எல்லாம் ஒரு காலண்டரால் வந்தது. அப்பா பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தார். அவர் அடுக்கி டேப் ஒட்டுகிற பெட்டிகள் கப்பலேறி பெரு நாட்டுக்குப் போகும். அந்த நாட்டு வியாபாரி ஒரு வருடம் கம்பெனிக்குக் கட்டுக்கட்டாகக் காலண்டர் அனுப்பிவைத்தார். மாதத்துக்கு ஒரு மலைப் படம், கீழே பெரிய பெரிய கட்டங்கள். கட்டம் பெரிதாக இருந்தது அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், தண்ணீர் வந்த நாள் எல்லாம் எழுதலாமென்று, வழக்கமாக மாட்டுகிற காலண்டரைக் கழற்றிவிட்டு இதை அடுப்படியில் மாட்டினாள்.

நம் ஊர்க் காலண்டரில் முதல் கட்டம் ஞாயிறு. அந்த ஊர்க்காரர்களுக்கு வாரம் திங்களில் தொடங்கி ஞாயிற்றில் முடிகிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? மே மாதம் வத்திராயிருப்பில் பெரியம்மாவின் பேரனுக்குக் காதுகுத்து. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மறக்காமல் வந்துவிடுங்கள் என்று போனில் சொன்னார்கள். அம்மா முதல் கட்டத்தில் விரலை வைத்து, மேலிருந்து கீழே மூன்று எண்ணி, அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். அதோடு கிழமையை விட்டுவிட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டாள். லீவு நாளில் எங்களுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். அப்பாவுக்கோ கம்பெனியில் வார லீவு வெள்ளிக்கிழமை. அம்மா சொன்ன தேதிக்கு அவரும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

பட்டுச்சேலையும் சீர்த்தட்டுமாக நாங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கிப் போனபோது அங்கே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர, பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை.

"வந்தது வந்துட்டீக. நேத்து சாம்பாரு கொஞ்சம் கெடக்கு, சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள்.

திட்டியிருந்தால்கூட அம்மா தாங்கியிருப்பாள். திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராக அடுப்படிக்குப் போய்க் காலண்டரைக் கிழிக்கக் கை வைத்தார். நான் குறுக்கே விழுந்து அதைப் பறித்துக்கொண்டேன். அந்தப் பாஷையைப் படித்துவிட்டால் இனி நம்மை யாரும் ஏமாற்ற முடியாது என்று சொன்னதாக ஞாபகம். காலண்டர் யாரையும் ஏமாற்றவில்லை என்பது வேறு விஷயம்.

அன்றிலிருந்து ஒரே பிடிதான். லூனெஸ் திங்கள், மார்த்தெஸ் செவ்வாய், தொமிங்கோ ஞாயிறு. எனேரோ ஜனவரி, ஃபெப்ரேரோ பிப்ரவரி. அப்பா ஷிப்டு முடிந்து வந்ததும் அவருடைய போனை வாங்கி, மொழி சொல்லிக்கொடுக்கிற ஆப் ஒன்றை இறக்கி, உனோ, தோஸ், த்ரேஸ் என்று முப்பத்தொன்று வரைக்கும் போனேன். காலண்டரில் அதற்கு மேல் எண் கிடையாது, எனக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை. காலையில் இரண்டு இட்லி வேண்டுமென்றால் "தோஸ்" என்பேன். "மாவு இட்லிக்குத்தான் ஆட்டிருக்கு, தோசைக்கு எங்க போவ" என்பாள் அம்மா.

எண்களும் கிழமைகளும் முடிந்ததும் அந்த ஆப் சின்னச் சின்னச் சொற்களுக்குக் கூட்டிக்கொண்டு போனது. மே என்றால் என்னை. தே என்றால் உன்னை. லோ அவனை, லா அவளை. ஒற்றை எழுத்தில் ஒரு முழு ஆளை அடக்கிவிடுகிறார்களே என்று எனக்கு அந்தப் பாஷைமேல் பெரிய மரியாதை வந்தது.

இனிமேல் சித்தியைச் சொல்ல வேண்டும். சித்தி அம்மாவின் தங்கை, கல்லூரி முடித்துவிட்டு அடுத்த தெருவில் மாமா வீட்டில் இருந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் வாலிபால் அணிக்கு அவள்தான் லிஃப்டர், அதாவது பந்தை அடிக்கிறவர்களுக்கு வாகாகத் தூக்கிக் கொடுக்கிறவள். பந்து அவள் விரலுக்கு வந்தால் பூவை வாங்குகிற மாதிரி வாங்கி அனுப்புவாள். அடிக்கிறவர்களுக்குத்தான் கைதட்டல் விழும், அவளுக்கு விழாது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மாமா கெட்டவர் அல்ல. விடிகாலையில் அவர்தான் பைக்கில் சித்தியை மைதானத்தில் கொண்டுபோய் விடுவார். ஆனால் சேத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை சொல்லியனுப்பிவிட்டார்கள். மாமா முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்த ஒரு டோர்னமென்ட். போலீஸ் டீமுக்கு எடுத்தா சந்தோசமாப் போ. எடுக்கலன்னா ஆவணில கல்யாணம். பொறவு பந்து பேச்சே இருக்கக் கூடாது."

சித்தி சரியென்று தலையாட்டினாள். ஜூன் மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கிற அந்த டோர்னமென்ட் ஃபைனலைப் பார்க்க, போலீஸ் அணிக்கு ஆள் எடுக்கிற ஒரு மேடம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜெயிக்கிற அணியிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடுவார்களாம். தோற்ற அணியை அவர் திரும்பியும் பார்க்க மாட்டாராம். ஆகவே சித்தி ஜெயித்தே ஆக வேண்டும். பத்து வயது எனக்கு அது அவளைவிட நன்றாகப் புரிந்திருந்தது என்றே நினைத்தேன்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் ஊரில் பாதித் தெரு வீட்டுக்குள் தெலுங்கு பேசும். வாலிபால் அணியிலும் பாதிப் பேர் அப்படித்தான். எந்த ஊருக்கு ஆடப் போனாலும், பந்தை யாருக்குத் தரப்போகிறோம் என்பதை 'முந்து', 'வெனக', அதாவது முன்னால், பின்னால் என்று தெலுங்கில் கத்திக்கொள்வார்கள், எதிரணி முழிக்கும். அதுதான் எங்கள் ஊரின் பிரம்மாஸ்திரம். ஆனால் முந்தின வருடம் எங்கள் அணியிலேயே ஆறு வருடம் ஆடிய ஒரு அக்கா மம்சாபுரத்துக்குக் கல்யாணமாகிப் போனாள். போன இடத்தில் சும்மா இருந்தாளா? புகுந்த ஊர் அணியில் சேர்ந்து, அந்த அணியை ஃபைனல் வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் பிரம்மாஸ்திரம் பூராவும் அவளுக்கு மனப்பாடம்.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து இதைச் சொல்லித் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தேன். சித்தி திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, அது என்ன பாஷை? இன்னொருக்க சொல்லு" என்றாள்.

அடுத்த மூன்று வாரம் நான் வாத்தியார். விடிகாலை ஐந்தரைக்கு மாமாவின் பைக்கில் சித்திக்கு முன்னால் நானும் உட்கார்ந்துகொண்டு மைதானத்துக்குப் போவேன். வரிசையாக உட்கார்ந்திருக்கிற ஆளுயர அக்காமார்களுக்கு நின்றுகொண்டு பாடம் எடுப்பேன். அந்தச் சுகத்தை எனக்கு அதற்குப் பிறகு எந்த வேலையும் தரவில்லை. உனோ என்றால் பந்து தாழ வரும், தோஸ் என்றால் நடுத்தரம், த்ரேஸ் என்றால் உயரம். தே என்று கத்தினால் பந்து லிஃப்டருக்கு முன்னால் நிற்பவளுக்கு, லா என்றால் முதுகுப் பக்கம் நிற்பவளுக்கு. மே என்றால் லிஃப்டரே தட்டிப் போட்டுவிடுவாள். தொமிங்கோ என்பது என் சொந்த யோசனை. ஞாயிறு லீவு நாள், ஆகவே அன்றைக்கு அடி கிடையாது. ஓங்குவது மாதிரி ஓங்கிவிட்டு நெட்டுக்கு அந்தப் பக்கம் மெதுவாகத் தட்டிவிட வேண்டும்.

முதல் நாள் 'மே' என்று சித்தி கத்தியதும் அணியே ஆடு மாதிரிக் கத்திச் சிரித்து விழுந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பத்துத் தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். ஓங்கி அடிக்கிறதில் பேர் வாங்கிய ஸ்பைக்கர் அக்கா ஒருத்தி, மில் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறவள், மறுநாள் நிஜமாகவே எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் நான் சிவப்புப் பேனாவால் டிக் போட்டேன்.

ஃபைனல் அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் நல்ல கூட்டம். மாமா, அம்மா, அப்பா, நான் எல்லோரும் எங்கள் அணி பெஞ்சுக்குப் பின்னாலேயே இடம்பிடித்திருந்தோம். போலீஸ் மேடம் வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று செட்டில் இரண்டு எடுத்தால் கோப்பை.

முதல் செட்டில் மம்சாபுரத்தை நாங்கள் தண்ணீர் குடிக்க வைத்தோம். சித்தி "லா த்ரேஸ்" என்பாள். அவர்கள் முன்பக்கம் எம்பிக்கொண்டிருக்க, பந்து பின்பக்கமிருந்து இடியாக இறங்கும். "தொமிங்கோ" என்பாள், அவர்கள் பின்னால் ஓட, பந்து முன்னால் பொத்தென்று விழும். மம்சாபுரத்து அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எந்த ஊர்ப் பேச்சுடா இது என்று நின்றாள். என் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவரிடம், அது ஸ்பானிஷ் என்றும் அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்றும் நான் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை அவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

முதல் செட் முடிந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தார். உடனே ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பொன்னாடை போர்த்த ஆரம்பித்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் போர்த்தி, மைக்கில் ஒருவர் மாற்றி ஒருவர் வாழ்த்தி, அரை மணி நேரம் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் மம்சாபுரத்து அக்கா எங்கள் பக்கம் வந்தாள். எங்கள் ஊர்ப் பெண் அல்லவா. பிறந்த ஊர்க்காரர்கள் வந்திருக்கும்போது எதிரணி என்று ஒதுங்கியா நிற்பாள்? அம்மாவின் கையைப் பிடித்து நலம் விசாரித்தாள். மாமாவுக்குக் கும்பிடு போட்டாள். அம்மா அவளுடைய மாமியாரைப் பற்றி விசாரித்தாள். பிறகு அவள் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு பொட்டலம் பால்கோவாவைக் கையில் வைத்தாள்.

"எம்புட்டு வளந்துட்ட. உங்க சித்தி என்னமோ கத்துதாளே, நீ சொல்லிக் குடுத்ததாமே. ஒனக்கு இம்புட்டு மூளையாட்டி?"

அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. என் மூளையை அவ்வளவு சரியாக மதிப்பிட்ட ஒருத்தியிடம் எப்படிச் சும்மா இருப்பது? பால்கோவாவைத் தின்றுகொண்டே உனோ முதல் த்ரேஸ் வரைக்கும், மே, தே, லா எல்லாவற்றையும் எந்த எழுத்துக்கு எந்த ஆள் என்று விளக்கினேன். ஒன்றிரண்டை அவள் திருப்பிச் சொன்னபோது உச்சரிப்பைக்கூடத் திருத்தினேன். தொமிங்கோ என்னுடைய சொந்த யோசனை என்பதை அழுத்திச் சொன்னேன். அவள் என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

இரண்டாவது செட்டில் மம்சாபுரம் எங்களை உரித்து உப்புத் தடவியது. சித்தி வாயைத் திறந்தால் போதும், பந்து போகிற இடத்தில் இரண்டு கைகள் சுவர் மாதிரி முளைத்து நின்றன. தொமிங்கோ என்றால் நெட்டுக்கு அடியிலேயே ஒருத்தி குந்தியிருந்தாள். ஸ்பைக்கர் அக்கா மூன்று தடவை அடித்து மூன்று தடவையும் பந்து அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. மாமா எழுந்து போய் மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செட் போய்விட்டது. ஒன்றுக்கு ஒன்று.

இடைவேளையில் சித்தி தண்ணீர் குடிக்க வந்தவள், பாட்டிலோடு என் முன்னால் வந்து குனிந்தாள். முகத்தில் மண்ணும் வியர்வையுமாக இருந்தது.

"அவ ஒன்கிட்ட என்ன பேசுனா?"

"எனக்கு மூளை ஜாஸ்தின்னு சொன்னா. நான் அவளுக்கும் ஸ்பானிஷ் சொல்லிக் குடுத்தேன்."

"எல்லாத்தையுமா?"

"தொமிங்கோ கூட" என்றேன் பெருமையாக.

சித்தி பாட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு என் வாயோரம் ஒட்டியிருந்த பால்கோவாவைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். "நல்லா சொல்லிக் குடுத்திருக்க. இனி வேற யாருக்கும் சொல்லாத" என்றாள். போய் அணியோடு தலைகளைச் சேர்த்துக்கொண்டு என்னவோ பேசினாள். ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும் என்று நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது செட்டில் எனக்கு வந்த வேதனை கொஞ்சமல்ல. சித்தி எல்லாவற்றையும் தப்புத் தப்பாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "தே" என்று கத்திவிட்டுப் பந்தை முதுகுப் பக்கம் அனுப்பினாள். "த்ரேஸ்" என்றாள், பந்து தாழப் போனது. நான் பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டு, "சித்தி, தேன்னா முன்னாடி, முன்னாடி" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்த பந்துக்கு "லா" என்றாள், பந்தை முன்னால் கொடுத்தாள். "லான்னா பின்னாடி" என்று அழுகையே வந்துவிட்டது எனக்கு. மம்சாபுரத்து அக்கா என்னையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் அணியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

"அவளுக்குப் பதட்டத்துல மறந்து போச்சு. இந்தப் பிள்ளை சொல்றதுதான் சரி. நீங்க அந்த எடத்துலயே நில்லுங்க."

அவர்களும் நான் சொன்ன இடத்திலேயே நம்பி நின்றார்கள். பந்து வேறு இடத்தில் விழுந்துகொண்டே இருந்தது. பதினான்குக்குப் பன்னிரண்டு. ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை. சித்தி பந்துக்குக் கீழே வந்து அடிவயிற்றிலிருந்து "தொமிங்கோ" என்று கத்தினாள். மம்சாபுரத்தில் இரண்டு பேர் நெட்டுக்கு அடியில் பாய்ந்து குந்தினார்கள். ஸ்பைக்கர் அக்கா எழும்பினாள் பாருங்கள், அவ்வளவு உயரத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அடித்த அடியில் பந்து பின்கோட்டுக்கு அரை அடி உள்ளே விழுந்து கூட்டத்துக்குள் பறந்தது.

மாமா வேலியைத் தாண்டிக் குதித்தார். அம்மா அழுதாள். போலீஸ் மேடம் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேர் எழுதிக்கொண்டார். ஒன்று ஸ்பைக்கர் அக்கா, மற்றது சித்தி. யார் அடித்தது என்று பார்க்காமல் யார் தூக்கிக் கொடுத்தது என்று பார்க்கத் தெரிந்த மகராசி. கோப்பையை வாங்கும்போது சித்தி என்னை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய், "இவ சொல்லிக் குடுத்த பாஷைலதான் ஜெயிச்சோம்" என்று மைக்கிலேயே சொன்னாள். ஊர் திரும்பியபின் பலசரக்குக் கடை அண்ணாச்சி முதல் பேண்டேஜ் கம்பெனி மேனேஜர் வரை என்னை நிறுத்தி நிறுத்தி ஸ்பானிஷ் பேசச் சொன்னார்கள். சேத்தூர் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். சித்தி போலீஸில் சேர்ந்தாள். இத்தனை தப்பாகச் சொல்லியும் ஜெயித்துவிட்டாளே, அதிர்ஷ்டக்காரி என்று நான் பெருந்தன்மையாக அவளை மன்னித்தேன்.

ஆறு வருடம் கழித்து, கூட வேலை பார்த்த ஒரு வாலிபால்காரரையே சித்தி கல்யாணம் செய்துகொண்டாள். பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஸ்பைக்கர் அக்கா. அந்த ஃபைனலைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அன்னைக்கு உங்க சித்தியக் கொன்னுருப்பேன். செகண்ட் செட் முடிஞ்சதும் வந்து, பழைய பழக்கத்துல மம்சாபுரத்துக்காரிட்ட வாயி தவறி எல்லாத்தையும் உளறிட்டேன்னு நிக்கா. எல்லாரும் அவளப் பிடிபிடின்னு பிடிச்சோம். ஒரு வார்த்த எதுத்துப் பேசல. நான் என்ன கத்துனாலும் காதுல வாங்காதீக, முதுகுக்குப் பின்னால என் விரலை மட்டும் பாருங்கன்னா. அந்தச் செட்டுல அவ பேசுன ஸ்பானிஷ் அம்புட்டும் சும்மா."

இலையில் பாயசம் ஓடியது. நான் அதைத் தடுக்கவில்லை. சாப்பாடு முடிந்து மேடைக்குப் போய், மாலையும் கழுத்துமாக இருந்த சித்தியின் காதில் கேட்டேன். அவள் போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள்.

"நீ பத்து வயசுப் பிள்ள. தோத்திருந்தா ஊரே ஒன்னையக் கரிச்சுக் கொட்டிருக்கும். நான்னா சமாளிச்சுக்கிடுவேன்."

தோற்றிருந்தால் அவளுக்கு ஆவணியில் கல்யாணம், அதற்குப் பிறகு பந்து கிடையாது. அதைத் தெரிந்துகொண்டேதான் அவள் அன்றைக்குப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு ஆடினாள். ஜெயித்ததும் பேரை என்மேல் போட்டாள். இப்படி ஒரு சித்தி எனக்கு இருக்கிறாள் என்பதுதான், ஸ்பானிஷைவிட, நான் கூசாமல் பீற்றிக்கொள்கிற விஷயம்.

ஆனால் அந்தப் பரிசு மேடையில் எனக்கு ஒன்றும் தெரியாது. சித்தியின் கை என் தோளில் இருந்தது. ஸ்பைக்கர் அக்கா மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சித்தியை ஏறெடுத்தும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளி நின்றாள். எங்கள் புகழைப் பார்த்து அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டு, சித்தியின் இடுப்புக்குப் பின்னாலிருந்து நான் அவளுக்குப் பழிப்புக் காட்டினேன்.